கொஞ்சம் மிளகு

போன மாதம் எனக்கு ஒரு போன் வந்தது. நான் பத்தொன்பது வருடம் உலை ஓட்டிய கம்பெனியின் தணிக்கைப் பிரிவிலிருந்து மேனகா என்ற அதிகாரி பேசினார்.

"ஏகாம்பரம் சாருங்களா? தாமிர உலையோட செய்முறைத் தாள்ல ஒரு சந்தேகம். உப்பு எடையில கரி 1.83 சதவீதம்னு போட்டிருக்குது. கரியோட அளவு மில்லிமீட்டர்ல இல்ல, 'மிளகு அளவு'ன்னு இருக்குது. இதுக்கு என்ன ஆதாரம்?"

"அந்த உலையை உருவாக்கின பரிமளா மேடத்தைக் கேட்டீங்களாம்மா?"

"மெயில் போட்டேன் சார். ஒரே வரியில பதில் வந்துச்சு. 'ஏகாம்பரத்தைக் கேளுங்கள், போட்டது அவர்தான்'னு."

ஆதாரம் கிடைக்காவிட்டால் அந்த எண்ணை இரண்டு என்று முழுசாக்கிவிட்டு, கரியையும் தூளாகவே வாங்கப் போகிறார்கள் என்றார். அப்படிச் செய்தால் உலை ஒரு வாரத்தில் படுத்துவிடும். அதனால் முக்கால் மணி நேரம் போனிலேயே விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "இதை எழுதிக் குடுங்க சார், ஃபைல்ல வைக்கணும்" என்றார். எழுதி முடித்துப் படித்தால், இதை எந்த ஃபைலிலும் வைக்க முடியாது என்று தெரிந்தது. ஆனாலும் நடந்தது இதுதான்.

நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். போளூர் பக்கம் எங்கள் ஊரிலிருந்து கிளம்பி வேலூரில் ஓட்டலில் மாவாட்டினேன். ராணிப்பேட்டையில் தோல் ஷெட்டில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்றேன். கால்விரல் இடுக்கெல்லாம் வெந்த பிறகு கிளம்பினேன். மரக்காணத்தில் உப்பு வாரினேன். லாரி கிளீனராக ஆந்திரா போனபோது ஓங்கோலில் நான் டீ குடிக்க இறங்கியதை டிரைவர் கவனிக்காமல் வண்டியை எடுத்துவிட்டார். பதினோரு நாள் நடந்தும் தொற்றியும் திரும்பினேன். எந்த வேலையிலும் ஆறு மாதத்துக்கு மேல் நின்றதில்லை. கடைசியாகத் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் லாட்ஜுக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அங்கேதான் பரிமளா மேடம் பஸ்ஸிலிருந்து இறங்கினார். கையில் ஒரு பெட்டி, தோளில் ஒரு தராசு. நிஜமாகவே தராசு, துணியில் சுற்றியிருந்தது.

"ரூம் வேணுங்களா மேடம்? ஜன்னலைத் திறந்தா கோபுரம் தெரியும்."

"கோபுரம் தெரிய வேணாம். குழாய்ல தண்ணி எப்ப வரும், எப்ப நிக்கும்?"

"காலையில கொஞ்ச நேரம் வரும் மேடம்."

"கொஞ்சம்னா?"

அதற்குமுன் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவரை அறையில் விட்டுவிட்டு, மறுநாள் குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போய்ச் சொன்னேன்: "அஞ்சு நாற்பதுக்கு வருது, ஏழு அஞ்சுக்கு நிக்குது." அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வேலைக்கு வர்றீங்களா?" என்றார்.

வேலை கீழ்பென்னாத்தூர் போகும் சாலையில், பழைய மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, எண்ணெய் மில் ஷெட்டில். அதை வாடகைக்கு எடுத்து ஒரு சோதனை உலை போட்டிருந்தார்கள். மூடிப்போன ஒரு தாமிரச் சுரங்கத்தின் கழிவுமண் மலைபோல எங்கேயோ கிடந்ததாம். சாம்பல் நிறம், அங்கங்கே பச்சை. நூறு கிலோ மண்ணில் இரண்டு கிலோ தாமிரம் இருக்கும், ஆனால் சாதாரண வழியில் அது வெளியே வராது. மேடத்தின் யோசனை, அந்த மண்ணோடு சமையல் உப்பைக் கலந்து, சுழலும் இரும்பு உருளைக்குள் விட்டுச் சுடுவது. உப்பில் இருக்கும் குளோரின் தாமிரத்தைப் பிடித்துக்கொண்டு, தாமிரக் குளோரைடு என்ற புகையாகக் கிளம்பும். அந்தப் புகையைத் தண்ணீரில் பிடித்தால் தண்ணீர் பச்சையாகும். அந்தத் தண்ணீரிலிருந்து தாமிரத்தை எடுத்துக்கொள்ளலாம்.

சொல்ல எளிது. பதினான்கு மாதம் செய்தும் மண்ணில் இருந்த தாமிரத்தில் நூற்றுக்கு அறுபது பங்குக்கு மேல் வரவில்லை. மேடம் காரணம் சொன்னார். "தாமிரம் ஆக்சிஜனோட சேர்ந்து உக்காந்திருக்கு. குளோரின் வந்து கூப்பிட்டா உடனே எழுந்து வராது. ஆக்சிஜனை யாராச்சும் பிடிச்சு வெச்சுக்கணும். அதுக்குத்தான் கரி."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் நாங்கள் செய்ததும் இதுதான். குடும்பமாக இறங்குபவர்களிடம் ஒருத்தன் மாமனாரைப் பேச்சுக் கொடுத்து நிறுத்துவான். அதற்குள் இன்னொருத்தன் மருமகன் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டு நடப்பான். மாமனாரை நிறுத்த ஆள் இல்லாவிட்டால் பெட்டி நகராது. இதை மேடத்திடம் சொன்னேன். அவர் சிரிக்காமல் நோட்டில் எழுதிக்கொண்டார்.

எங்கள் சிக்கல், கரித்தூள் நிற்கவில்லை. உருளையின் வாயிலேயே பாதி எரிந்துவிடும். மீதி காற்றோடு பறந்து புகைக்கூண்டுக்குப் போய்விடும். ஆக்சிஜனை நிறுத்த வேண்டியவன் வாசலிலேயே டீ குடிக்கப் போய்விடுகிறான் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

மேடத்தின் கீழே வேலை செய்வதற்கு ஒரே ஒரு விதிதான். ஷெட்டுக்குள் 'கொஞ்சம்' என்ற சொல் கூடாது. கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் இருங்க, எதுவும் கூடாது. சொன்னவர் புகை கழுவும் தொட்டியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். உள்ளே இறங்கினால் கண் எரியும்; வேட்டியும் உள்ளங்கையும் பச்சையாகிவிடும், சோப்புக்குப் போகாது. நான் முதல் மாதத்தில் பதினாறு தடவை கழுவினேன். ஓட்டலில் சப்பென்று டீ வந்தால்கூட "சர்க்கரை நாலு கிராம் ஜாஸ்தி போடுங்க" என்று சொல்லும் அளவுக்கு மாறிவிட்டேன். டீக்கடைக்காரர் என்னை டாக்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார்.

இனி கல் விஷயம். ஷெட்டின் கேட்டுக்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நட்டிருந்தது. பின்னால் வரும் லாரி சுவரை இடிக்காமல் இருக்க எண்ணெய் மில்காரர்கள் நட்டது. அந்த மூலையில் போகிற வருகிறவர்கள் எல்லாம் ஒன்றுக்குப் போனார்கள். வாட்ச்மேன் முனுசாமி கத்திப் பார்த்தார், போர்டு எழுதிப் பார்த்தார். பிறகு ஒருநாள் கல்லுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துவிட்டார். அன்றோடு அந்தத் தொல்லை நின்றது.

ஆனால் அந்தக் கல்லடியில்தான் எங்கள் உப்பு மூட்டைகளை இறக்குவோம். மூட்டை கிழிந்து உப்பு சிந்திக் கிடக்கும். பார்த்தவர்கள் இது உப்பு வாங்குகிற அம்மன் என்று முடிவு செய்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் மருவும் பாலுண்ணியும் உதிர வேண்டும் என்றால் கோயிலில் உப்பும் மிளகும் போடுவார்கள். ஒரு வாரத்தில் முதல் பொட்டலம் வந்தது. மூன்று மாதத்தில், செவ்வாய் வெள்ளியில் கேட்டைத் திறக்க முடியாத அளவுக்குக் கூட்டம். யாருக்கோ மரு உதிர்ந்தது என்றும் பேச்சு வந்துவிட்டது. மழையில் உப்பு கரைந்து கேட் துருப்பிடிக்கிறது என்று முனுசாமி அதையெல்லாம் வாரி நீல டிரம்மில் போட்டு வைத்தார்.

"இன்னா முனுசாமி இது, பாக்டரியா கோயிலா?" என்று கேட்டேன்.

"நான் இன்னா பண்றது ஏகாம்பரம்? ஒண்ணுக்குப் போறவனை நிறுத்தினேன். உப்பு போடுறவனை எப்படி நிறுத்துறது?"

சோதனைக்குப் பணம் கொடுத்தவர்கள் சென்னையிலிருந்து மூன்று பேர் கொண்ட குழுவை அனுப்புவார்கள். அவர்கள் எப்போதும் பௌர்ணமியன்றுதான் வருவார்கள். பகலில் உலை, மாலையில் கிரிவலம், ஒரே பயணப்படி. இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு, மூன்றாவது முறை நூற்றுக்கு எண்பது காட்டாவிட்டால் ஷெட்டை மூடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நாங்கள் பதினெட்டு பேர். நான் முதல்முறையாக ஒரு வேலையில் பதினான்கு மாதம் நின்றிருந்தேன். கிளம்ப வேண்டும் என்று தோன்றவே இல்லை. அது எனக்கே பயமாக இருந்தது.

அந்தப் பௌர்ணமி காலையில் ஷெட்டில் ஒரு பிடி உப்பு இல்லை. முந்தின நாள் வர வேண்டிய லாரியை, கிரிவலக் கூட்டத்துக்காகக் கனரக வண்டி விடமாட்டோம் என்று செஞ்சியிலேயே நிறுத்திவிட்டார்கள். நானூறு கிலோ மண்ணுக்கு நாற்பது கிலோ உப்பு வேண்டும். மேடம் குழுவை அழைத்து வர ஊருக்குள் போயிருந்தார். பத்தரைக்கு உருளைக்குள் மண் போக வேண்டும்.

நான் நீல டிரம்மைப் பார்த்தேன். முனுசாமி என்னைப் பார்த்தார்.

"டேய், வேணாம். அது அம்மனோடது."

"அம்மனே கம்பெனி இடத்துலதான் இருக்குது. சல்லடை இருக்குதா? மிளகைச் சலிச்சு எடுத்துடலாம்."

"சல்லடையா? மணி பத்தே கால். எங்க போய்த் தேடுவே?"

"கெடக்குது விடு. கொஞ்சம் மிளகு இருந்தா இன்னா ஆயிடப் போகுது?"

சொன்ன வார்த்தை காதில் விழுந்தது. மேடம் பக்கத்தில் இல்லாததால் கழுவாமல் தப்பித்தேன். சரியாக நாற்பது கிலோ நிறுத்தேன். டிரம் அதோடு காலி. பதிவேட்டில் 'உப்பு 40 கிலோ' என்று எழுதினேன்.

குழுத் தலைவர் கிரிவலத்துக்குத் தயாராகவே வந்திருந்தார். வேட்டி, நெற்றியில் பட்டை, காலில் பாதுகாப்பு பூட்ஸ், தலையில் மஞ்சள் ஹெல்மெட். உலை எழுநூற்றைம்பது டிகிரிக்கு வந்ததும் மண்ணை உள்ளே விட்டேன். பத்து நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு தலைவர் ஒரு தும்மல் தும்மினார். அடுத்தவர் இரண்டு. அதற்குப் பிறகு எண்ண முடியவில்லை. ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் கண்ணில் நீர் வழியத் தும்மினோம். குளோரின் கசிந்துவிட்டது என்று யாரோ சைரனைத் தட்டினார்கள். விதிப்படி காற்று வரும் திசைக்கு ஓட வேண்டும். ஓடினோம். அன்று காற்று கேட் பக்கத்திலிருந்து வந்தது. கடைசியில் எல்லோரும் அந்தக் கல்லைச் சுற்றி நின்றோம். உப்பு போட வந்திருந்த இரண்டு பெண்கள் சைரனைக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

தலைவர் மூக்கை உறிஞ்சினார். "ஏம்மா பரிமளா, எனக்கு மட்டும்தானா... பொங்கல் வாசனை வருதே?"

மேடம் கண்ணை மூடி ஒருமுறை இழுத்துப் பார்த்தார். "குளோரின்ல பொங்கல் வாசனை வராது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் கல்லைப் பார்த்தேன்.

உலையை நிறுத்தச் சொல்லவில்லை. மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு உள்ளே போனோம். உருளையின் கடைசியில் ஒரு சிறிய கண்ணாடித் துளை உண்டு. தாமிரம் கிளம்புகிறதா என்று சுடரின் நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். வழக்கமாக மஞ்சளில் லேசாகப் பச்சை ஓடும். அன்று பார்த்தேன், கிளி பறப்பது போல இருந்தது. தொட்டித் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் கரும்பச்சையாகிவிட்டது.

மாலை ஐந்து மணிக்கு மேடம் கணக்குப் போட்டு முடித்தார். நூற்றுக்கு எண்பத்தாறு. மறுபடி போட்டார். எண்பத்தாறு.

தலைவர் கை தட்டினார். "எல்லாம் அண்ணாமலையார் கிருபை."

"கிருபையை எந்தக் கட்டத்துல எழுதுறது சார்?" என்றார் மேடம். கிண்டலில்லை, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டே கேட்டார்.

தலைவருக்கு முகம் சுருங்கியது. "ஒரு வாட்டி வந்தா எதேச்சைன்னு சொல்லிடுவாங்கம்மா. அடுத்த பௌர்ணமிக்கு இதே எண்ணைத் திரும்பக் காட்டுங்க. காட்டிட்டா சரி. இல்லாட்டி சொன்னபடி மூடத்தான் வேணும்" என்று சொல்லிவிட்டு, பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு மூவரும் வெறுங்காலோடு மலை சுற்றக் கிளம்பினார்கள்.

அவர்கள் போனதும் மேடம் என்னைக் கூப்பிட்டார். "இன்னிக்கு என்ன மாத்துனீங்க?"

சொன்னேன். லாரி, டிரம், சல்லடை இல்லாதது, எல்லாம். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அணைந்த உருளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, வெளியே எடுத்து ஆறவைத்திருந்த மண்ணில் கையை விட்டு அளைந்தார். உள்ளங்கையில் பத்துப் பன்னிரண்டு கரிய உருண்டைகள் வந்தன. மிளகு, வெந்து கரியாகி, உருண்டை உடையாமல் மண்ணுக்கு நடுவிலேயே இருந்தது. தூள் போலப் பறக்கவில்லை. பெரிய கரிக்கட்டை போல ஓரமாக ஒதுங்கித் தங்கவும் இல்லை. ஆக்சிஜனை நிறுத்த வேண்டிய ஆள் கடைசிவரை இடத்தை விட்டுப் போகவே இல்லை.

"ஏகாம்பரம், மிளகு எவ்வளவு இருந்துச்சு?"

நான் எவ்வளவோ யோசித்தேன். வேறு எந்த வார்த்தையும் உண்மையாக இல்லை.

"கொஞ்சம் மேடம்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் சொல்லாமலேயே நான் தொட்டியைக் கழுவப் போனேன்.

டிரம் காலி. எல்லாம் சுட்டாகிவிட்டது. எடுத்துப் பார்க்க ஒரு பிடிகூட மிச்சமில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை. காலை ஆறு மணிக்கு மேடம் கேட்டுக்கு வெளியே, கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். மடியில் நோட்டு, முன்னால் தராசு. கடவுளே இல்லை என்று சொல்கிறவர் அவர். வந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

"அம்மா, புதுசா பூசாரி போட்டுட்டாங்களா?" என்றார் ஒரு பெண்.

"பூசாரி இல்ல. இதுல வெச்சுட்டு அப்புறம் போடுங்க. உப்பு தனியா, மிளகு தனியா."

"எடை போட்டா பலிக்குமா?"

"எனக்குத் தெரியாது. நீங்க எப்பவும் போடுறதையே போடுங்க. ஜாஸ்தியும் வேணாம், கம்மியும் வேணாம்."

"அதான் எவ்ளோன்னு கேக்குறேன். எவ்ளோ போட்டா மரு கொட்டும்?"

"அதைத்தான்மா நானும் தெரிஞ்சுக்க உக்காந்திருக்கேன்."

அந்தப் பெண் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். பத்து மணிக்குள் கல்லைவிட மேடத்துக்கு மரியாதை அதிகமாகிவிட்டது. ஒரு ஆட்டோக்காரர் ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் போட்டுவிட்டு மூன்றே மூன்று மிளகு வைத்தார். மேடம் நிமிர்ந்து பார்த்தார்.

"மிளகு விக்கிற விலையில மூணே ஜாஸ்திங்க" என்றார் அவர். மேடம் அதையும் எழுதினார். ஒரு பாட்டியம்மா உப்பே இல்லாமல் கைநிறைய மிளகு கொண்டு வந்தார். அதைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று மேடம் அரை நாள் யோசித்துவிட்டுச் சேர்த்தார். "டிரம்ல இவங்களதும்தானே இருந்திருக்கும்?" மூன்று வாரம், செவ்வாயும் வெள்ளியும் இப்படி உட்கார்ந்தார். முனுசாமி வரிசையை ஒழுங்கு செய்தார். கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி வகுத்தார். நூறு பங்கு உப்புக்கு 1.83 பங்கு மிளகு.

குழுவுக்கு முன்னால் மிளகைப் போட முடியாது. மறுபடி எல்லோரும் தும்முவார்கள். அதோடு ஒரு தொழிற்சாலைக்கு மிளகு கட்டுப்படி ஆகுமா? அதனால் சீமைக்கருவேலங் கரியை உடைத்துச் சலித்தோம். கையில் ஒரு மிளகை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தது நான். 'மிளகு அளவு' என்று பதிவேட்டில் எழுதியதும் நான்தான். சுட்டால் மிளகு எடை குறையுமே, அதனால் கரி கம்மியாகப் போதும் என்று மேடம் முதலில் குறைத்துப் பார்த்தார். சரிப்படவில்லை. கூட்டிப் பார்த்தார், அதுவும் இல்லை. அதே 1.83க்கு வந்தபோதுதான் சுடர் கிளிப்பச்சையானது. ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை. தெரியாது என்றே எழுதி வைத்தார்.

அடுத்த பௌர்ணமியன்று எண்பத்தேழு வந்தது. யாரும் தும்மவில்லை. தலைவருக்கு அதுவே ஒரு ஏமாற்றம் போலத் தெரிந்தது. பொங்கல் வாசனை இல்லையா என்று இரண்டு முறை கேட்டார். பிறகு மேடத்துக்குக் கை கொடுத்து, செய்முறை நிரூபணமாகிவிட்டது, இனி இதைச் சுரங்கத்துப் பக்கத்திலேயே பெரிய ஆலையாகப் போடுவார்கள், இந்தச் சோதனை ஷெட் இனி தேவையில்லை என்றார்.

தோற்றிருந்தால் மூடியிருப்பார்கள். ஜெயித்ததால் மூடினார்கள். பதினெட்டு பேரில் ஐந்து பேரைப் பெரிய ஆலைக்குக் கூட்டிப் போனார்கள். கரி சலிக்கத் தெரிந்தவன் என்று என் பெயரையும் மேடம் எழுதினார். அதுவரை எல்லா ஊரையும் நானாகத்தான் விட்டுப் போயிருக்கிறேன். முதல்முறையாக, இருக்க ஆசைப்பட்ட ஊரிலிருந்து என்னைக் கிளப்பினார்கள். வேறு மாநிலம், தெரியாத பாஷை, பத்தொன்பது வருடம், ஒரே உலை. ஓய்வு பெற்ற மறுவாரம் திருவண்ணாமலைக்கு வந்துவிட்டேன்.

இதையெல்லாம் மேனகாவிடம் சொல்லி முடித்தேன்.

"சார், இதை எப்படி நான் ஆதாரம்னு எழுதுறது?"

"கள ஆய்வுன்னு எழுதுங்க. மேடம் நோட்டு ஆபீஸ்லதான் இருக்கும். ஒவ்வொரு எடையும் பேரோட இருக்குது. நம்பரை மட்டும் மாத்தாதீங்கம்மா."

"மாத்தல சார்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சார், தப்பா நெனைக்காதீங்க. என் பொண்ணுக்கு ரெண்டு கையிலயும் மரு. டாக்டர் ரெண்டு வாட்டி எரிச்சுப் பார்த்துட்டாரு, திரும்பத் திரும்ப வருது. அந்தக் கல்லு இன்னும் இருக்குதுங்களா?"

"இருக்குதும்மா. ஷெட்டு இப்ப கல்யாண மண்டபம். கல்லுக்கு டைல்ஸ் போட்டு, கம்பிக் கதவு வெச்சு, உப்பம்மன்னு போர்டு எழுதிட்டாங்க. முனுசாமி மகன்தான் பூசாரி."

"எவ்வளவு உப்புக்கு எவ்வளவு மிளகு சார் போடணும்?"

"உங்க தாள்லயே இருக்குதேம்மா."

மறுமுனையில் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.